நட்சத்திர வீரரை எப்போது விட்டுக்கொடுப்பது?

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் பெற்றுக்கொண்டதாக அறிவிப்பு வெளியானது. இங்கிலாந்தின் சாம் கரணும் ஜடேஜாவுடன் ராஜஸ்தானுக்குச் சென்றார். அன்று விழுப்புரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளிலும், திண்டிவனம் மேம்பாலத்தடியிலும் பேச்செல்லாம் இதுவாகவே இருந்தது. "கோப்பை வாங்கிக் கொடுத்தவரைக் கொடுத்துவிட்டார்களே" என்று ஒரு தரப்பும், "முப்பத்தேழு வயதில் இன்னும் எத்தனை நாள் ஆடுவார்?" என்று மறுதரப்பும் வாதிட்டன. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால், இரண்டு தரப்புமே 'கொடுக்கலாமா, கூடாதா' என்றுதான் கேட்டன. விளையாட்டு அணிகளை நடத்துவோரை உண்மையில் வாட்டும் கேள்வி வேறு: எப்போது கொடுப்பது?

முதலில், நடைமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐபிஎல் தொடரில் வீரர்கள் ஏலத்தில் மட்டும் அணி மாறுவதில்லை. 2009 முதலே அணிகள் தங்களுக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ள வழி உண்டு. ஜாகீர் கானை மும்பைக்குக் கொடுத்து, ராபின் உத்தப்பாவைப் பெங்களூர் பெற்றது அந்த முதல் ஆண்டில்தான். வீரருக்கு வீரர் என்றும் மாற்றலாம். பணத்துக்கு வீரர் என்றும் மாற்றலாம். வீரரின் ஒப்புதல் கட்டாயம். சென்னை அணி இந்த வழியை அதிகம் நாடியதில்லை. 2021-இல் அதே உத்தப்பாவை ராஜஸ்தானிடமிருந்து பெற்றது. அந்த ஆண்டு இறுதிக்கட்ட ஆட்டங்களில் அவர் அடித்த ஓட்டங்கள் கோப்பைக்குத் துணையாயின. ஆனால், தன் அணியின் முதல் வரிசை நட்சத்திரம் ஒருவரை இப்படிக் கொடுத்தது இதுவரை இல்லாத ஒன்று.

கொடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை வென்ற அணி, 2024-இல் ஐந்தாம் இடத்தில் நின்றது. 2025-இல் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று பத்தாவது, அதாவது கடைசி இடத்துக்குச் சென்றது. அந்த அணியின் வரலாற்றில் கடைசி இடம் அதுவே முதல் முறை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெறாததும் அதுவே முதல் முறை. அனுபவசாலிகளை நம்பியே ஆடி வந்த அணி, அந்தத் தொடரின் நடுவில் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேவையும், டெவால்ட் பிரெவிஸையும், உர்வில் படேலையும் மாற்று வீரர்களாகக் கொண்டுவந்து ஆடவிட்டது. மறுகட்டமைப்பு என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் அது அப்போதே தொடங்கிவிட்டது.

நட்சத்திர வீரரை விடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை ரசிகர்கள் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. சுரேஷ் ரெய்னாவை நினைத்துப் பார்க்கலாம். 'சின்ன தல' என்று கொண்டாடப்பட்டவர். 2020 தொடரிலிருந்து தனிப்பட்ட காரணங்களால் விலகினார். 2021-இல் திரும்பி வந்து, தொடரின் கடைசிக் கட்டத்தில் ஆடும் பதினொருவரில் இடம் இழந்தார். 2022 பிப்ரவரி ஏலத்தில் இரண்டு கோடி ரூபாய் அடிப்படை விலைக்குச் சென்னை உள்பட எந்த அணியும் அவரைக் கேட்கவில்லை. அவரை இன்னும் ஆட வல்லவராக இருந்தபோதே வேறோர் அணிக்குக் கொடுத்திருந்தால், அவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கும். அணிக்கும் ஒரு வீரர் கிடைத்திருப்பார். அன்பின் பெயரால் வைத்திருந்து, இறுதியில் இருவருக்கும் ஒன்றுமில்லாமல் போனது. ஜடேஜாவைக் கொடுத்ததற்காகக் கோபப்படுவோர், ரெய்னாவைக் கொடுக்காததன் முடிவு இதுதான் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தக் கணக்கை உலகில் மிக நுட்பமாகப் போட்டுப் பழகியவர்கள் வட அமெரிக்காவின் பனி ஹாக்கி அணிகள். அங்கே ஓர் அணி சரியத் தொடங்கினால், தன் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு இளம் வீரர்களையும் 'தேர்வுரிமை'யையும் வாங்கிக்கொள்வது வழக்கம். ஆண்டுதோறும் புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் நின்ற அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. அந்த முறையைத்தான் ஓர் அணி இன்னோர் அணிக்கு விற்கிறது. இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒரு சிறுவனுக்கான உரிமை கைமாறுகிறது.

1988 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி, உலகின் தலைசிறந்த வீரரான வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 27. சில மாதங்களுக்கு முன்புதான் நான்காவது முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்திருந்தார். பதிலுக்கு 1.5 கோடி டாலர், இரண்டு இளம் வீரர்கள், மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகள். அந்தப் பரிமாற்றத்தை அரசு தடுக்க வேண்டும் என்று கனடிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே கோரினார். கிரெட்ஸ்கி இல்லாமலேயே 1990-இல் எட்மன்டன் மீண்டும் கோப்பையை வென்றது உண்மை. ஆனால், அதை வென்றவர்கள் பெரும்பாலும் அவருடன் ஆடிய பழைய தோழர்கள். வாங்கிய தேர்வுரிமைகளால் பெரிய வீரர் எவரும் எட்மன்டனில் உருவாகவில்லை. அதன்பின் அந்த அணி இன்றுவரை கோப்பையைத் தொடவில்லை. பணத்தேவைக்காக உச்சத்தில் விற்றதை மறுகட்டமைப்பு என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறானது எரிக் லிண்ட்ரோஸ் கதை. 1991-இல் முதல் தேர்வாகக் கியூபெக் அணி எடுத்த அந்த இளைஞர், அங்கு ஆட மறுத்து ஓராண்டு வெளியே நின்றார். 1992-இல் அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்த கியூபெக், பதிலுக்குப் பெற்றவர்களில் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். 1995-இல் அந்த அணி டென்வர் நகருக்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டே கோப்பையை வென்றது. லிண்ட்ரோஸுக்கு அந்தக் கோப்பை கடைசிவரை கிட்டவில்லை. தன்னை விரும்பாத நட்சத்திரத்தை, சந்தையில் வேட்கை உச்சத்தில் இருந்தபோது கொடுத்த அணி அது. 2005 நவம்பரில் பாஸ்டன் அணி ஜோ தார்ன்டனைச் சான் ஹோசேவுக்குக் கொடுத்தபோது இந்தப் பொறுமை இல்லை. தொடர் தோல்விகளின் பதற்றத்தில் மூன்று சாதாரண வீரர்களுக்கு ஈடாக அவரை விட்டது. அதே ஆண்டு அவர் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா மூட்டைகளுடன் வரும் விவசாயிக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. (நிலக்கடலையை எங்கள் பக்கம் மணிலா என்றுதான் சொல்வோம்.) இன்று கேட்கும் விலைக்குக் கொடுப்பதா, கிடங்கில் வைத்துக் காத்திருப்பதா என்பதுதான் அவர் ஒவ்வோர் அறுவடையிலும் எடுக்கும் முடிவு. வீட்டில் கல்யாணச் செலவோ கடன் தவணையோ இருந்தால் காத்திருக்க முடியாது. அந்த நெருக்கடி வியாபாரிக்குத் தெரிந்துவிட்டால் விலை இறங்கும். அணிகளுக்கும் அப்படித்தான். 'இவர்கள் விட்டே ஆக வேண்டும்' என்று எதிரணிக்குத் தெரிந்த பிறகு பேரம் பேச ஒன்றுமில்லை. தார்ன்டனைப் பாஸ்டன் விற்றது அப்படியொரு நாளில்.

ஆனால், கனடாவின் பாடத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஐபிஎல்லில் கடைசி இடத்துக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. தேர்வுரிமை என்று எதிர்காலத்தை எழுதி வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. இங்கே மறுகட்டமைப்பின் மூலதனம் இரண்டே: ஏலக் கையிருப்புப் பணமும், அணியில் ஒழியும் இடமும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து பெரும்பாலான வீரர்களைக் கலைத்துப் போடுகிறது. 2024 நவம்பரில் நடந்த பெரிய ஏலத்தின் கணக்கு 2027 தொடருடன் முடிகிறது. ஆகவே, ஒரு வீரர் இன்னும் பத்தாண்டுகள் ஆடுவாரா என்பது கேள்வியல்ல. இந்த மூன்றாண்டுக்குள் அவருக்குக் கொடுக்கும் தொகைக்கு ஈடாக ஆடுவாரா, அந்தத் தொகை வேறு எங்கே போயிருக்கலாம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கண்ணோட்டத்தில் ஜடேஜாவின் கணக்கைப் பார்க்கலாம். 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தவர். 2022-இல் தோனியைவிட அதிகமாக, 16 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டுத் தலைவராகவும் ஆக்கப்பட்டார். எட்டு ஆட்டங்களில் ஆறில் தோற்றபின் அந்தப் பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் அவரைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னவர்கள் பலர். கொடுத்திருந்தால்? 2023 தொடரில் அவர் எடுத்த 20 விக்கெட்டுகள் இல்லை. அகமதாபாத் இறுதி ஆட்டத்தில், நள்ளிரவைத் தாண்டி, மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளில் தேவைப்பட்ட பத்து ஓட்டங்களை ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியுமாக அடித்தாரே, அதுவும் இல்லை. தோல்வியின் சூட்டில் எடுக்கும் முடிவு எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அப்படியானால் சரியான நேரம் எது? என் கணிப்பில், 2023 கோப்பைக்கும் 2024 அக்டோபர் இறுதியில் முடிந்த தக்கவைப்புக்கும் இடைப்பட்ட காலம். 2024 தொடரில் அவர் எடுத்தது எட்டு விக்கெட்டுகள். அவ்வாண்டு டிசம்பரில் 36 வயது நிறையவிருந்தது. அந்த நிலையில்தான் 120 கோடி ரூபாய் கையிருப்பில் 18 கோடியை, அதாவது நூற்றுக்குப் பதினைந்து பங்கை, அவருக்கு ஒதுக்கியது சென்னை அணி. அவர் சோர்ந்துவிடவில்லை, 2025-இல் மட்டையால் 301 ஓட்டங்கள் எடுத்து, பந்துவீச்சில் பத்து விக்கெட்டுகளும் வீழ்த்தினார். ஆனால், 18 கோடிக்கு ஓர் அணி எதிர்பார்ப்பது அதைவிட அதிகம். ஓராண்டுக்குச் சற்று மேல் கழித்து ராஜஸ்தானுக்கு மாறியபோது அவர் தொகை 14 கோடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. ராஜஸ்தானின் கையிருப்பு நெருக்கடியும் அதற்குக் காரணமாக இருக்கலாம். என்றாலும், முந்தைய ஆண்டின் விலை இந்த ஆண்டு இல்லை என்பது வெளிப்படை. சாம்சனுக்கு 18 கோடி அப்படியே நின்றது. ஒருவருக்கு ஒருவர் என்று முடிய வேண்டிய மாற்றத்தில், 2.4 கோடி மதிப்புள்ள சாம் கரணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கோப்பை வென்ற கையோடு, அதை வென்று கொடுத்தவரைக் கொடு என்று சொல்வது கட்டுரை எழுதுபவனுக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் செய்த நிர்வாகியை விழுப்புரத்திலும் சரி, சேப்பாக்கத்திலும் சரி, யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள். இதில் உள்ள சிக்கலே அதுதான்: விலை உச்சத்தில் இருக்கும் நாளில், விற்பதற்கு ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாம்சனுக்கு அப்போதுதான் 31 வயது நிறைந்திருந்தது. 36 வயதுக்காரரைக் கொடுத்து 31 வயதுக்காரரைப் பெறுவதை முழு மறுகட்டமைப்பு என்று சொல்ல இயலாது. 44 வயதான தோனிக்குப் பின் விக்கெட் காப்பவர் யார், முதல் வரிசையில் அடித்தாடுபவர் யார் என்ற இரண்டு ஓட்டைகளை ஒரே ஆளால் அடைக்கும் முயற்சி அது. அதில் தவறில்லை. மறுகட்டமைப்பு என்று சொல்லத் தக்கது ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில்தான் தெரிந்தது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடாத இருபது வயது பிரசாந்த் வீரையும், பத்தொன்பது வயது கார்த்திக் சர்மாவையும் தலா 14.20 கோடி ரூபாய்க்குச் சென்னை எடுத்தது. பிரசாந்த் வீர் இடக்கை சுழற்பந்து வீசி, மட்டையும் பிடிப்பவர். யாருடைய இடத்துக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பணம் பெரும்பாலும் ஜடேஜாவால் வந்ததல்ல. அஸ்வின் ஓய்வு பெற்றதால் 9.75 கோடியும், மதீஷ பதிரனாவை விடுவித்ததால் 13 கோடியும் கையிருப்பில் சேர்ந்தன. சென்னை நிர்வாகத்தின் பெரிய பிழை என்று நான் கருதுவது ஜடேஜா அல்ல, இந்தப் பதிரனா. 23 வயதைத் தொடவிருந்த வேகப்பந்து வீச்சாளரைக் காயங்களுக்காகவும் ஒரு மோசமான தொடருக்காகவும் வெறுமனே விடுவித்தார்கள். அதே ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு வாங்கியது. விடுவிப்பதும் பரிமாறுவதும் ஒன்றல்ல. சந்தையில் 18 கோடிக்குக் கேட்பாரிருந்த ஒருவருக்கு ஈடாக இன்னொரு வீரரைக் கேட்டுப் பெற்றிருக்கலாம். வயது முதிர்ந்தவரை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, வளரும் பருவத்தில் இருப்பவரை விலையில்லாமல் விடுவது என்ன கணக்கு?

கபடியிலும் ஒரு பாடம் உண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை புரோ கபடியில் எவருக்கும் கொடுக்கப்படாத தொகை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அவர் தொடரைவிட்டு வெளியேறினார். அணி கவிழ்ந்துவிடும் என்றே எல்லோரும் எண்ணினோம். ஆனால் நரேந்தர், அஜிங்கியா பவார், சாகர் போன்றவர்கள் தோள்கொடுக்க, தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு பவனை விட்டார்கள். தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து எடுத்தது. அவர் நன்றாகவே ஆடினார். டைட்டன்ஸோ கடைசி இடத்தில் முடித்தது. அதற்காகத் தலைவாஸ் எழுந்துவிட்டது என்றும் இல்லை. அந்தத் தொடரில் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. நட்சத்திரம் இல்லாமல் ஒரு தொடரில் அரையிறுதிக்குச் சென்றோம் என்பதற்காக, அவரால் மிச்சமான பணத்தைச் சரியாகச் செலவிடாமல் இருந்தால் அதுவும் பலன் தராது. விட்டுக்கொடுப்பது பாதி வேலைதான்.

இவ்வளவிலும் பேசப்படாத ஒரு தரப்பு இருக்கிறது. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டம் பதினோரு மணியைத் தாண்டி முடிந்தபின், கிளாம்பாக்கம் வந்து பேருந்து பிடித்து, பின்னிரவில் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கி, காலையில் வேலைக்குப் போகிற இளைஞர்கள். மறுகட்டமைப்புக் காலத் தோல்விகளுக்கான விலையை அவர்களும்தான் கொடுக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் பனி ஹாக்கி அணி தன் ரசிகர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதியது: அணியை இளமையாக்கப் போகிறோம், உங்களுக்குப் பிடித்தமான சிலரை இழக்க நேரிடும் என்று முன்கூட்டியே சொன்னது. அதன் பிறகே வீரர்களைக் கொடுக்கத் தொடங்கியது. இங்கேயோ, பரிமாற்றம் குறித்துப் பல நாள்கள் வதந்திகளாகவே படித்துவிட்டு, கடைசியில் ஒரு நன்றி அறிக்கையைப் பார்க்கிறோம். பன்னிரண்டு தொடர்கள் ஆடியவரை அனுப்பும்போது, ஏன் இப்போது, இனி அணி எந்தத் திசையில் செல்கிறது என்று ரசிகர்களிடம் சொல்வதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

ஜடேஜாவைப் பொறுத்தவரை, இது தொடங்கிய இடத்துக்குத் திரும்புதல். 2008-இல், பத்தொன்பது வயதில், முதல் ஐபிஎல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் இருந்தார். விழுப்புரத்தில் சாலையோரம் மஞ்சள் பனியன்கள் விற்கும் ஒருவரிடம் சென்ற வாரம் விசாரித்தேன். எட்டாம் எண் போட்டவை இன்னும் ஒரு கட்டு மீதம் இருக்கிறதாம். விலையைக் குறைத்துக் கொடுத்துவிடலாமே என்றேன். "இருக்கட்டும் சார், கேட்டு வாங்கறவங்க இன்னும் வராங்க" என்றார்.